நாப்பது வயசுக்கு ஏத்த கொரியன் ரொமான்டிக் காமெடி சொல்லுங்க, சின்னப்பசங்க கூத்து வேணாம்

கவுனிஅரிசி (காரைக்குடி):

மக்களே ஒரு உதவி. எனக்கு 41 நடக்குது. புதுயுகம் டிவியில கொரியன் சீரியலத் தமிழ்ல டப் பண்ணிப் போட்டாங்களே, அப்பப் புடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல. ஆனா இப்பல்லாம் அந்த ஹீரோவைப் பாத்தா லவ் வரல, இவனுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டணுமேன்னு தோணுது. முதலாளி பையன் ஒரு வார்த்தை கேக்காம பொண்ணு கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போறான், அவளும் போறா, ஒரு போன் போட்டுப் பேசுனா தீர்ற சண்டைய நாலு எபிசோடு இழுக்குறாங்க, கடைசியில எவனாவது ஒருத்தன் அமெரிக்காவுக்குப் போயிடுறான்.

எனக்கு வேணும்கிறது முப்பத்தஞ்சு தாண்டுனவங்க கதை. ஏற்கனவே ஒரு அடி பட்டவங்க, புள்ளகுட்டி மாமியார் இஎம்ஐ எல்லாம் இருக்கு, அதுக்கு நடுவுல ஒரு மனுசனப் புடிச்சுப்போச்சுன்னா என்ன பண்ணுவாங்கன்னு. அழுகாச்சியா இல்லாம சிரிக்கவும் சிரிக்கணும். நான் தனியாப் பாக்கல, ஆத்தாவும் (எங்கம்மா) பாக்குறாக, சப்டைட்டில நான்தான் படிச்சுச் சொல்லணும் (“இவளும் அம்மாங்கிறா, அப்பாங்கிறா, நீ என்னமோ வேற நாட்டுக்காரிங்கிற”ன்னு ஒரே சண்டை). அப்பச்சி (எங்கப்பா) இருபது வருசம் மலேசியாவுல இருந்துட்டு இப்பத்தான் ஒரேயடியா வந்துருக்காக, பட்டாலையில தூணுல சாஞ்சு பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்துருக்காக, ஆனா பக்கம் திரும்பக் காணோம். அதனால கசமுசா சீன் கம்மியா இருந்தா புண்ணியமாப் போகும்.

வளவுக்காத்து (தேவகோட்டை):

ஆச்சி, கண்ண மூடிக்கிட்டு “பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்” போடுங்க, 2017ல வந்தது. வீட்டுக்காரனுக்குக் கடன் அடைக்க வாடகை வேணும், அவளுக்குத் தங்க ரூம் வேணும், சரி கல்யாணம் பண்ணிக்குவோம்னு அக்ரிமென்ட் போடுறாங்க. இசைகுடிமானம்னு கல்யாண ஒப்பந்தம் எழுதிக் கல்யாணம் பண்ற ஊர்ல இது ஒரு அதிசயமான்னு சிரிக்காதீங்க, விசயம் அதுக்கு மேல இருக்கு. மாமியார் வீட்டுல சாமி கும்பிடுற அன்னிக்கு, அதாவது செத்துப்போன பெரியவுகளுக்குப் படைக்கிறது, நம்ம படைப்புன்னே வச்சுக்கங்க, இவ போயி நாள் பூரா அடுப்படியில நின்னு இடுப்பொடிஞ்சு வர்றா. நம்ம சீரியலா இருந்தா அந்த எடத்துல ஒரு சோக வீணை, முடிஞ்சுது. இங்க அவன் என்ன பண்றான் தெரியுமா, அவ அம்மா வீட்டுல குளிருக்கு முன்னாடி மொத்தமா கிம்ச்சி (கோஸ் ஊறுகாய்) போடுவாங்கல்ல, அந்த வேலைக்குத் தனியாப் போயி நின்னுட்டான். நீ எங்க வீட்டுக்கு உழைச்ச, நான் உங்க வீட்டுக்கு உழைச்சுட்டேன், கணக்கு சரி. ஐ லவ் யூ எல்லாம் இல்ல, கணக்குதான். செட்டிநாட்டுக்காரிக்கு இதவிட ரொமான்ஸ் என்ன வேணும்?

மசாலாசீயம்:

“வென் தி கமேலியா ப்ளூம்ஸ்”, 2019. ஒரு பையனைத் தனியா வளக்குற பொண்ணு, நண்டுக்கடைத் தெருவுல சின்னதா ஒரு பார் நடத்துறா, ஊரே பொறணி பேசுது, ஒரு போலீஸ்காரன் மட்டும் மறைக்காம கொள்ளாம பின்னாடியே சுத்துறான். அவன் அம்மாவத்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அந்தம்மாதான், அப்படிப்பட்டவுகளே தன் மகன் அவளக் கட்டுறேன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. வில்லி கெடையாது, நம்ம தெருவுல இருக்குற ஆளுதான்.

ரெண்டாங்கட்டு:

மேல உள்ளவங்க ஒண்ணச் சொல்லாம விட்டுட்டீங்க, அதுல தொடர் கொலைகாரன் ஒருத்தன் வர்றான். காமெடின்னு நம்பி ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா பாத்துட்டு கொல்லக்கதவப் பூட்டுனேனான்னு மூணு தடவ போயிப் பாத்தேன்.

எனக்குப் புடிச்சது “ரொமான்ஸ் இஸ் எ போனஸ் புக்”, 2019. விவாகரத்து ஆன 37 வயசுக்காரி, படிச்ச படிப்ப மறைச்சுட்டு பதிப்பகத்துல எடுபிடி வேலைக்குச் சேர்றா, ஏன்னா பல வருசம் வீட்டுல இருந்தவளுக்கு அந்தப் படிப்புக்கு ஏத்த வேலை எவனும் தரல. அந்த 37 கூட நம்ம கணக்குல கம்மிதான். அங்க பொறந்ததுமே ஒரு வயசு, அப்பறம் ஜனவரி 1 வந்தா எல்லாருக்கும் ஒண்ணு கூடும், நம்ம “நடப்பு வயசு” சொல்ற மாதிரி. 2023 ஜூன்ல சட்டத்துல மாத்திட்டாங்க. அதனால பழைய டிராமாவுல 40ன்னு அலுத்துக்கிட்டா ஒண்ணு ரெண்டு கழிச்சுக்கங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். வயசான ஜோடியப் போட்டா பக்குவம் வந்துராது. முப்பத்தெட்டு வயசு டைரக்டர் மேடம் குடிச்சுட்டு ரோட்டுல படுத்து அழுவுற டிராமாவும் நான் பாத்துருக்கேன், பேரு வேணாம்.

பர்மாதேக்கு (கானாடுகாத்தான்):

“கோ பேக் கப்பிள்” யாரும் சொல்லலையே. 12 எபிசோடுதான், 2017. 38 வயசுப் புருசன் பொண்டாட்டி சண்டை போட்டு விவாகரத்து வாங்குறாக, மறுநாள் முழிச்சுப் பாத்தா 1999, ரெண்டு பேருக்கும் 20 வயசு. மொதல்ல வயிறு வலிக்கச் சிரிப்பு. ஆனா அவ அம்மா அங்க உயிரோட இருக்காக. அந்தம்மா சாகும்போது புருசன் பக்கத்துல இல்லைங்கிற கோவந்தான் அம்புட்டுக்கும் வேரு, அவனும் மாமியாரை நெனச்சு உள்ளுக்குள்ள மருகிக்கிட்டுத்தான் இருந்துருக்கான், ரெண்டு பேரும் அத வாய்விட்டுப் பேசிக்கல, அம்புட்டுதான் கதை.

இதப் பாக்குறப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம். ஐயா, அதான் அப்பத்தா வீட்டுக்காரர், பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவுக, மூணு வருசக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊருக்கு வருவாக, கொஞ்ச மாசம் இருப்பாக, திரும்பக் கப்பல். ஒரேயடியா வந்து சேந்தப்ப அம்பது தாண்டிருச்சு. அப்பத்தா சொல்லுவாக, “கல்யாணம் எனக்குப் பதிமூணுல, புருசன் வந்தது நாப்பத்தஞ்சுல”ன்னு. காப்பிக்கு எம்புட்டுச் சக்கரைன்னே கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாகளாம். அப்பறம் பாருங்க, சாந்திக் கல்யாணத்துல (அறுபதாம் கல்யாணம்) அப்பத்தாவுக்கு வந்த வெக்கம் இருக்கே, போட்டோவுல இப்பவும் தெரியும். இத எவனாவது ரொமான்டிக் காமெடியா எடுக்கணும்.

வளவுக்காத்து:

அண்ணே, நீங்களே எழுதுங்க, நான் ஆயா வேசம் கட்டுறேன்.

ரெண்டாங்கட்டு:

லவ்வே இல்லாட்டியும் பரவால்லைன்னா “ஹாஸ்பிட்டல் ப்ளேலிஸ்ட்”ல டாக்டரோட அம்மாவும் ஆஸ்பத்திரி சேர்மனும் பாருங்க, சின்ன வயசுல இருந்து சிநேகிதம், சேந்து சாப்புடுறது, சண்டை போடுறது, இவளுக்கு ஒடம்புக்கு ஏதோன்னா அவரு பதறுறது. கல்யாணம்னு பேச்சே இல்ல. மெயின் ஜோடிய விட்டுட்டு நான் இவுகளத்தான் பாத்தேன்.

கவுனிஅரிசி:

எல்லாருக்கும் நன்றி, ஃபர்ஸ்ட் லைஃப் போட்டாச்சு. நேத்து அந்தக் கிம்ச்சி எபிசோடு. ஆத்தா ஊறுகாய்க்குப் பூண்டு உரிச்சுக்கிட்டே பாத்தாக, நான் சப்டைட்டில் படிச்சேன். பாதியில அப்பச்சி பேப்பர மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சாக, தூங்கப் போறாகன்னு நெனச்சேன். வந்து ஆத்தா பக்கத்துல உக்காந்து பூண்டுத் தட்டத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாக. ஒரு வார்த்தை பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ஆத்தா, “நகம் படாம உரிங்க, எரியும்”னாக. நான் சப்டைட்டில் படிக்கிறத நிப்பாட்டிட்டேன், ரெண்டு பேரும் கண்டுக்கவே இல்ல.

அடுத்து கோ பேக் கப்பிள் போடலாம்னு இருக்கேன். ஆயா (ஆத்தாவோட அம்மா) தவறி இன்னும் வருசம் திரும்பல, ஆத்தா அழுதுருவாகளோன்னு பயமா இருக்கு. பாத்தவுக சொல்லுங்க.

பர்மாதேக்கு:

அழுவாக. போடுங்க ஆச்சி.