சார்ஜ் நிற்காத டார்ச் லைட்

கேள்வி (மேலூர்): இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கொண்டுபோகும் சார்ஜ் டார்ச், சிவப்பு விளக்கு எரிந்தும், இரண்டே நிமிடத்தில் மங்கிவிடுகிறது. பழுது பேட்டரியிலா, சார்ஜர் போர்டிலா?

மறுமொழி: அண்ணே, சிவப்பு விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும். பல டார்ச்சுகளில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாகவே 230 வோல்ட் குறைக்கப்படுவதால், பிளக்கைப் பிடுங்காமல் தயவுசெய்து கழற்றாதீர்கள். பிளக்கில் இருக்கும்போது உள்ளே எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். 4 வோல்ட் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி என்றால், விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள், 3.5 வோல்ட்டுக்குக் கீழே சட்டென்று இறங்கினால் பேட்டரிதான் போய்விட்டது.

மறுமொழி: பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: புது பேட்டரி மதுரை டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கும். லித்தியம் செல்லை மட்டும் மாட்டிவிடாதீர்கள். லித்தியம் செல் நிரம்பும் 4.2 வோல்ட்டில் அந்தச் சார்ஜர் தானாக நிற்காது.