நாய்கள் இருக்கும் முற்றத்தில் ஆமைக்குட்டி: எப்படி வளர்ப்பது?

கேள்வி:
எங்கள் முற்றத்தில் இரண்டு நாய்கள். இப்போது உள்ளங்கை அளவில் ஒரு சல்காட்டா (ஆப்பிரிக்க நில ஆமை வகை) ஆமைக்குட்டியும் வந்திருக்கிறது. நாய்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. அப்படியே பழகவிடலாமா? தினமும் பசலையும் தக்காளியும் வைக்கிறேன், போதுமா?

பதில் 1:
தயவுசெய்து பழகவிடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் ஒரு நாள் அதை எலும்பு மாதிரி மென்று பார்க்கக்கூடும். ஓடு வெறும் கவசம் இல்லை, உயிருள்ள எலும்பு, வலி தெரியும். தனி அடைப்பு கட்டுங்கள். சுவர் வழியாக உள்ளிருந்து வெளியே பார்க்க முடியாதபடி இருக்கட்டும், வெளியே தெரிந்தால் ஆமை சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். சல்காட்டா நன்றாகத் தோண்டும், அதனால் சுவரின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்குங்கள். குட்டியாக இருக்கும்வரை மேலே வலைமூடியும் வேண்டும். வெயில், நிழல் இரண்டும் கிடைக்கணும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும்.

பதில் 2:
பசலையில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அது கால்சியத்தை உடலில் சேரவிடாது. தக்காளியை நிறுத்திவிடலாம். புல்லும் காய்ந்த புல்லும்தான் முக்கிய உணவு. செம்பருத்தி இலை, பூ கொடுக்கலாம். நாய் உணவு பக்கத்திலேயே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சரி, இந்த வாரமே அடைப்பு கட்டுகிறேன். நாய்கள் இல்லாத நேரத்தில் முற்றத்தில் விடலாமா?

பதில் 1:
விடலாம், நீங்கள் கூடவே இருந்தால். முதலில் நாய்க் கழிவை அள்ளிவிடுங்கள், ஆமை அதைத் தின்னும். புழுக்களுக்காக நாய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து ஆமைக்கு விஷம், அது கழிவிலும் இருக்கலாம்.