ஆவி அடர்த்தி 29, என் விடையும் 29. பிறகு ஏன் தப்பு?

பிளஸ் ஒன் மாணவி:
வணக்கம். நாளைக்கு வேதியியல் தேர்வு. ஒரு கணக்குல மாட்டிக்கிட்டேன்.

2.9 கிராம் ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சேர்மம்) முழுசா எரிஞ்சு 8.8 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 4.5 கிராம் நீரும் தருது. ஆவி அடர்த்தி 29. மூலக்கூறு வாய்ப்பாடு என்ன?

நான் போட்டது: 8.8 / 44 = 0.2 மோல் கார்பன். நீர் 4.5 / 18 = 0.25 மோல். விகிதம் 2 : 5. கார்பன் 2, ஹைட்ரஜன் 5. நிறை 24 + 5 = 29. சரியா பொருந்துதுன்னு முடிச்சுட்டேன். விடைப் பகுதியில கார்பன் 4, ஹைட்ரஜன் 10னு இருக்கு. மூணு தடவை போட்டும் 29தான் வருது.

காலேஜ் அண்ணன்:
ஒரு நீர் மூலக்கூறுல ரெண்டு ஹைட்ரஜன் அணு இருக்கு. 0.25ஐ ரெண்டால பெருக்கினியாம்மா? நிறைய பேர் அங்கதான் கோட்டை விடுவாங்க.

பிளஸ் ஒன் மாணவி:
பெருக்கினேன் அண்ணா, இங்க எழுத விட்டுட்டேன். ஹைட்ரஜன் 0.5, அதான் 2 : 5.

வேதியியல் டீச்சர்:
உன் மோல் கணக்கு முழுக்கச் சரி, கண்ணு. கார்பன் 2.4 கிராம், ஹைட்ரஜன் 0.5 கிராம், கூட்டினா எடுத்த 2.9 அப்படியே வருது. சறுக்கினது கடைசி வரியிலதான். ஆவி அடர்த்தி மூலக்கூறு நிறை இல்ல. ஹைட்ரஜன் வாயுவைப் போல எத்தனை மடங்கு கனம்னு சொல்ற எண் அது. ஹைட்ரஜன் மூலக்கூறோட நிறை 2. அதனால 29 × 2 = 58. உனக்கு வந்த 2 : 5 எளிய விகித வாய்ப்பாடு, அதோட நிறை 29. 58 / 29 = 2. அப்ப கார்பன் 4, ஹைட்ரஜன் 10. பியூட்டேன்.

ரெண்டு 29உம் ஒண்ணா நின்னதுல ஏமாந்துட்ட. நல்லாப் படிக்கிற பிள்ளைங்களே இதுல மார்க் விடுறதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். இதையும் நினைவுல வை: ஹைட்ரோகார்பன் மூலக்கூறுல ஹைட்ரஜன் எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படை. 5னு வந்தாலே சந்தேகப்படு.

பிளஸ் ஒன் மாணவி:
புரிஞ்சுது டீச்சர்! எரிதல் சமன்பாட்டுல ஆக்சிஜன் 6.5னு வருது, அப்படியே எழுதலாமா?

வேதியியல் டீச்சர்:
எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கிடு.
2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்
ஆக்சிஜன் அணுவை எண்ணிப் பாரு: இந்தப் பக்கம் 26, அந்தப் பக்கம் 16 + 10.

காலேஜ் அண்ணன்:
இந்த 6.5ஐ உங்க வீட்டு அடுப்புலயே பார்க்கலாம். சமையல் கேஸ்ல பியூட்டேனும் புரொப்பேனும்தான் முக்கியம். காத்துல ஆக்சிஜன் நூத்துல 21 பங்குதான், அதனால ஒரு பங்கு பியூட்டேனுக்கு ஏறக்குறைய 31 பங்கு காத்து வேணும். பர்னருக்குக் காத்து போற துளை அடைச்சுக்கிட்டா தீ மஞ்சளாகி, பாத்திரத்தோட அடியில கரி பிடிக்கும். அந்தக் கரி எரியாம நின்ன கார்பன். கூடவே விஷமான கார்பன் மோனாக்சைடும் வரும். மஞ்சள் தீயைப் பார்த்தா அம்மாகிட்டச் சொல்லி உடனே சுத்தம் பண்ணச் சொல்லு.

பிளஸ் ஒன் மாணவி:
கடைசியா ஒண்ணு டீச்சர். இது நார்மல் பியூட்டேனா, ஐசோபியூட்டேனா?

வேதியியல் டீச்சர்:
இந்தக் கணக்கை வெச்சுச் சொல்ல முடியாதும்மா. ரெண்டுக்கும் வாய்ப்பாடு ஒண்ணுதான், அணுக்கள் இணைஞ்சிருக்கிற விதம்தான் வேற. அதனால ரெண்டுல எதை எரிச்சாலும் இதே 8.8, இதே 4.5தான். கொதிநிலை கொடுத்திருந்தா பிரிச்சுச் சொல்லலாம்: நார்மல் பியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 பக்கம். விடையில பியூட்டேன்னு எழுதாம வாய்ப்பாட்டை மட்டும் எழுது, கேட்டது அதுதான்.