கதவு நிலையைச் சுத்தி அடிச்ச தேக்கு பீடிங் (ஓரப் பட்டை), மூலையில வாய் பிளக்குது

கேள்வி: 65 மி.மீ. அகலப் பட்டை, 45 டிகிரி வெட்டு. மாட்டினப்போ கச்சிதம். கோடை வந்ததும் உள்மூலையில மட்டும் 1 மி.மீ. இடைவெளி. வெட்டுல தப்பா?

பதில்: வெட்டு சரிதான், மரம்தான் காயல. மரம் அகலத்துல சுருங்கும், நீளத்துல சுருங்காத மாதிரிதான். அதனால முனை 45-ஐ விடக் கூர்மையாகி, உள்பக்கம் திறக்கும். ஈரம் ஏறி உப்பினா வெளிமூலை திறக்கும். பட்டையை வாங்கினதும் வெட்டாம, அதே அறையில ரெண்டு வாரமாவது அடுக்கி வைங்க.

பதில்: பசையையும் பாருங்க சார். வெட்டுமுகம் ஃபெவிகாலை உறிஞ்சிடும். முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு பூசி ஒட்டுங்க. அப்புறம் வெளி ஓரத்துலேருந்து மூலைக்குக் குறுக்கா ஒரு தலையில்லா ஆணி. தேக்கு முனை பிளக்கும், துளை போட்டுட்டு அடிங்க.

கேள்வி கேட்டவர்: இன்னொரு கதவுல முன்முகம் மட்டும் திறந்திருக்கே?

பதில்: அது சுவர்ப் பூச்சு நிலையை விடத் துருத்திக்கிட்டிருக்கறதால. பட்டை சாய்ஞ்சு உட்காரும். பட்டை மறைக்கிற இடத்துக்குள்ள பூச்சை உளியால செதுக்குங்க. முடியலன்னா வெட்டுமுகத்தோட பின்பக்கத்தை ரெண்டு டிகிரி இழைச்சு விடுங்க, முன்விளிம்பு சேரும். நிலையோட மூலையே 91 டிகிரின்னா ரெண்டு பட்டையோட முனையும் 45.5. இடைவெளியைப் பட்டி (அடைக்கிற கலவை) வச்சு மூடுறது அடுத்த கோடை வரைக்கும்தான்.