அம்மாவுக்கு ஊர், மனைவிக்குக் காசி, மகனுக்குத் தாஜ்மகால்: 12 நாளில் எங்கே போவது?

பீடோங்காரன்

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் நாலு பேர் இந்தியா போகிறோம். கையில் 12 நாள். எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை, அதனால் வீட்டில் மூன்று கட்சி.

மகனுக்குத் தாஜ்மகால், முடிந்தால் மணாலியில் பனி. மனைவிக்குக் காசி. அம்மாவுக்கு 78 வயது, இங்கேயே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கேட்டால் "எனக்கென்னப்பா, நீங்க போற எடத்துக்கு வரேன்" என்பார். ஆனால் போன வாரம் பழைய மைலோ டின்னிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தாத்தாவுக்கு அவர் தம்பி எழுதியது. உள்ளே கடிதம் இல்லை. லயத்து வீட்டுக்கூரை ஒழுகி ஊர்ப்பெயர் ஊறிப்போய், "னூர்" என்ற இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். அதற்குக் கீழே "உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா" மட்டும் தெளிவாக இருக்கிறது. தாத்தா 1936ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். பினாங்கில் இறங்குமுன் நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் அடைத்து வைத்தார்களாம். திரும்பிப் போகவேயில்லை.

திருச்சியில் இறங்கி அந்த ஊரை ஒரு நாளில் பார்த்துவிட்டு, அப்புறம் டில்லி, ஆக்ரா, காசி என்று போய் வரலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிம் அக்கா

தம்பி, நாங்கள் அதைத்தான் செய்தோம். பத்து நாளில் ஏழு ஊர் என்று ஒரு ஏஜெண்டு போட்டுக் கொடுத்தார், பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயில். இரண்டு இரவு! நம் நாட்டின் வடக்குக் கோடி புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து தெற்குக் கோடி ஜொகூர் பாரு வரைக்கும் நெடுஞ்சாலை 770 கிலோமீட்டர் இருக்குமா? அது 2,000க்கும் மேல். நம் நாட்டைப்போல் பத்து மடங்கு பெரிய நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், உடம்புக்குத் தெரிந்தது அந்த ரயிலில்.

ஆக்ராவுக்குக் கொண்டுபோய் இறக்கிய நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும் என்பது அந்த ஏஜெண்டுக்குத் தெரியவில்லை. யமுனைக்கு அக்கரையில் நின்று பார்த்தோம். டிசம்பர் கடைசி, மூடுபனி. "அதோ" என்று கைடு காட்டிய பக்கம் எல்லாரும் தலையாட்டினோம். நான் எதையும் பார்க்கவில்லை, சத்தியமாக.

காசியில் கங்கைக்கு இறங்கப் பெரும்பாலும் படிக்கட்டுதான். முழங்கால் வலிக்காரர் படகில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் படகுக்கும் பெரும்பாலும் படி இறங்கித்தான் போக வேண்டும்.

ஈப்போ மைந்தன்

வடக்கு வேண்டாம். மூணாறு போங்க அண்ணே. குளுகுளுவென்று மலை முழுக்கத் தேயிலைத் தோட்டம்.

பீடோங்காரன்

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவரை, காசு செலவு பண்ணி இன்னொரு தோட்டத்துக்கா கூட்டிப்போகச் சொல்கிறீர்கள்? அம்மாவிடம் சொன்னேன். அரை நாள் சிரித்தார்.

ஜெயங்கொண்டத்தான்

அண்ணா, வணக்கம். உங்கள் உறையில் இருப்பது எங்கள் தாலுகா. ஒரு திருத்தம்: திருச்சி மாவட்டத்தில் தேடாதீர்கள். 1995ல் திருச்சியைப் பிரித்ததில் நாங்கள் பெரம்பலூருக்குப் போனோம், அப்புறம் அரியலூர் மாவட்டம் ஆனோம். பழைய "திருச்சி ஜில்லா" கடிதத்தை வைத்துக்கொண்டு திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கரூரும் அதே வருஷம் பிரிந்ததுதான்.

"னூர்" என்றால் தத்தனூராக இருக்கலாம், உடையார்பாளையத்துக்குப் பக்கம். ஆனால் அதையே பிடித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பக்கம் பாதி ஊர் ஊரில்தான் முடியும். கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வையுங்கள். குலதெய்வம் எது, தாத்தாவை ஊரில் என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவு எண்ணைவிட இந்த இரண்டும்தான் எங்கள் பக்கம் முகவரி. விஏஓ அலுவலகம் அப்புறம், முதலில் டீக்கடையில் வயசானவர்களிடம் கேளுங்கள். அதற்கு ஒரு நாள் போதாது, மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

டிசம்பர் முதல் பாதியில் வராதீர்கள். வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்திருக்காது. 20 தேதிக்கு மேல் நல்லது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நாலு பேருக்குக் கார்தான் சரி. அரியலூர்ச் சாலையில் சிமெண்டு லாரி அதிகம், இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? கங்கைகொண்ட சோழபுரம் இருப்பது இந்தத் தாலுகாவில்தான். ஜெயங்கொண்டத்திலிருந்து பத்து கிலோமீட்டர்போல. 1025ல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திரன் கட்டிய தலைநகரம். கடாரம் என்பது கெடாதான், நீங்கள் எழுதுவது அங்கிருந்து! உங்கள் தாத்தா கடாரம் கொண்டான் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிக் கடாரத்துக்கே பால்மரம் வெட்டப் போயிருக்கிறார்.

கோயில் தஞ்சாவூரைவிட உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. வெளியே புல்தரையில் அம்மாவை உட்கார வைக்கலாம். வடக்கு வாசல் படிக்குப் பக்கத்தில் சண்டேசுவரர் தலையில் சிவன் கையாலேயே மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது, விடாதீர்கள். அண்ணியிடம் சொல்லுங்கள்: கங்கைத் தண்ணீரை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கொண்டு வந்து எங்கள் ஏரியில் ஊற்றியாகிவிட்டது. சோழகங்கம் என்று பெயர்.

பீடோங்காரன்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பழைய கடாரத்துக் கோயில்களின் மிச்சம் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம். அங்கே மெர்போக்கில் ஒரு பழைய சண்டியின் (கோயிலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கல் அடித்தளத்தில் மகன் பள்ளிச் சுற்றுலாவில் நின்று எடுத்த படம் இன்னும் சுவரில் இருக்கிறது. நேற்று அதையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் பதிலைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவன் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து உடையார்பாளையத்தைப் பெரிதாக்கி, "னூர்" என்று முடியும் ஊர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டான். தாஜ்மகாலைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

சரி, முடிவு இது. கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) திருச்சி. விமானம் நாலு மணி நேரம்தான், சுங்கை பட்டாணியில் ரயில் ஏறிக் கே.எல். போகவே அதைவிட அதிகம் ஆகிறது. அப்புறம் தஞ்சாவூர், கும்பகோணத்தில் தங்கல், தாராசுரம். ஜெயங்கொண்டத்துக்கு நாலு நாள். கடைசியாக நாகப்பட்டினம், தாத்தா கப்பல் ஏறிய கரையை அம்மா பார்க்கட்டும்.

மனைவி மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "ஏரித் தண்ணியும் காசியும் ஒண்ணா?" என்கிறாள். காசி அடுத்த வருஷம் பிப்ரவரியில், இரண்டு பேர் மட்டும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

குலதெய்வம் அய்யனார் என்கிறார் அம்மா. எந்த அய்யனார் என்று கேட்டதற்கு "குதிரை வச்ச அய்யனார்" என்கிறார். பட்டப்பெயர் "செவலையன்". இது போதுமா?

அப்புறம் ஒரு சந்தேகம். அம்மா சொந்தக்காரர்களுக்கென்று கோடாலித் தைலம் மூன்று டஜன் வாங்கி வைத்துவிட்டார். இன்னும் சொந்தக்காரர் யார் என்றே தெரியாது. எல்லாம் கண்ணாடிப் புட்டி. பெட்டிக்குள் உடையாமல் எப்படிக் கட்டுவீர்கள்?

கூலிம் அக்கா

ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் போட்டு, சேலை நடுவில் வை தம்பி. மூன்று டஜன் பத்தாது.