பழைய கிராமத்துக் கோயில்களைப் படமெடுக்கிறது: முகப்பு பின்னால சாயுது, உள்ளே கறுப்பாகுது. என்ன செய்யலாம்?

மீன்பாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் உள்ள பழைய கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்களையும் மெதடிஸ்த சேர்ச்சுகளையும் ஒரு ஒழுங்கில படமெடுத்து வைக்க யோசனை. ஆயித்தியமலை, தேற்றாத்தீவு, சொறிக்கல்முனை, பிறகு படுவான்கரைப் பக்கத்து (வாவிக்கு மேற்கால உள்ள ஊர்கள்) சின்னக் கோயில்கள். கையில இருக்கிறது கிராப் சென்சர் (சின்னச் சென்சர்) கமரா ஒண்டு, 18-55 லென்ஸ், சாதாரண ட்ரைபொட், போன்.

கோபுரம் பின்னுக்குச் சாய்ஞ்சு விழுற மாதிரி வருது. வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகுது. உள்ளே எடுத்தா யன்னல் வெள்ளையா வெடிக்குது, இல்லாட்டி பீடம் இருட்டு. அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லித் தாங்க.

வாவிக்கரை எழுதியது:

தம்பி, சாயுறதுக்குக் காரணம் ஒண்டுதான்: கமராவை மேல நிமிர்த்துறீங்க. சென்சர் சுவருக்குச் சமாந்தரமா இருந்தா எந்த லென்ஸிலயும் கோடு நேராத்தான் வரும். கமராவை நெடுக்கா வைச்சு, மட்டம் பார்த்து, முகப்பு முழுக்க உள்ளே வாற அளவுக்குப் பின்னால போகணும்.

எவ்வளவு பின்னால எண்டதுக்குக் கணக்கு இருக்கு. கட்டடத்தின்ட உயரத்தில கமரா நிக்கிற உயரத்தை, அதாவது 1.5 மீற்றரைக் கழிங்க. உங்கட லென்ஸை 18இல வைச்சா மிச்சத்தை 1.5ஆல பெருக்கணும், 35இல வைச்சா 3ஆல. முகப்பு 12 மீற்றர் எண்டால் மிச்சம் 10.5. 18இல ஏறக்குறைய 16 மீற்றர், 35இல 31, 32 மீற்றர். அதுக்கு மேல ஒரு ரெண்டு மீற்றர் கூட்டுங்க, சிலுவைக்கு மேல கொஞ்சம் வானம் வேணும். போனின்ட 1x லென்ஸுக்கும் அதே 1.5 கணக்கு ஏறக்குறையச் சரி. படத்தின்ட கீழ்ப்பாதி முழுக்க மணலா வரும், அதை வெட்டி எறியலாம். இடம் இருந்தா 35ஐத்தான் எடுங்க. 18இல கிட்ட நிண்டா முன் மண்டபம் பெருத்து, பின்னால உள்ள கூரை காணாமப் போகும். போனின்ட 0.5x லென்ஸைத் தொடவே வேண்டாம்.

உயரம் தெரியாட்டி வாசலுக்குப் பக்கத்தில ஒராளை நிக்க வைச்சு ஒரு படம். அவர்ட உயரம் எத்தனை தரம் அடுக்கினா சிலுவை வருதெண்டு திரையிலயே எண்ணலாம்.

வெள்ளைச் சுவர் சாம்பலாகிறது கமராவின்ட மீற்றர் செய்யிற வேலை. எல்லாத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் அது பார்க்கும். எக்ஸ்போஷரை +0.7 இல்லாட்டி +1 கூட்டுங்க, ஹிஸ்டோகிராம் (திரையில வெளிச்சத்தைக் காட்டுற வரைபடம்) வலது ஓரத்தில முட்டாம இருந்தாச் சரி.

இனி வெயில். போறதுக்கு முதல் முகப்பு எந்தத் திசையெண்டு போனில கொம்பஸைப் பாருங்க. கிழக்குப் பார்த்த முகப்புக்கு காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, மேற்குப் பார்த்ததுக்குப் பின்னேரம் நாலுக்குப் பிறகு. வடக்குப் பார்த்ததுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். மார்ச் 21இலிருந்து செப்டெம்பர் 23 வரைக்கும் சூரியன் கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கால உதிக்கும், ஜூனில 23 பாகை அளவு. அந்த மாசங்களில விடியக்காலையிலயும் அந்தியிலயும் வடக்குச் சுவரில வெயில் உரசிக்கொண்டு போகும். காரை உப்பினது, அலங்கார வளைவு, பழைய வெடிப்பு எல்லாம் தெளிவாத் தெரியும். மாரியில அந்தச் சுவருக்கு நேர் வெயிலே இல்லை, முகில் மூடின நாளில எடுக்கிறது நல்லம். தெற்கு முகப்புக்கு ஒக்டோபர் தொடங்கி பெப்ரவரி, மழை விட்டாத்தான்.

ஏப்ரல் 10 அளவிலயும் செப்டெம்பர் 2 அளவிலயும் நமக்குச் சூரியன் உச்சந்தலைக்கு மேல. அந்தக் கிழமைகளில பதினொண்டுக்குப் பிறகு கமராவைப் பைக்குள்ள வைங்க. மாடத்தில நிக்கிற சொரூபத்தின்ட முகம் கறுப்புத்தான்.

எழுவான் எழுதியது:

வாவிக்கரை அண்ணே, 16 மீற்றர் பின்னால போக இடம் எங்க? எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்கால, கடல் பக்கம்) பாதிக் கோயில்கள் ரோட்டில ஒட்டிக்கொண்டு நிக்குது. பின்னால போனா மதில், மின்கம்பி, எதிர்வீட்டுக் கேற். கொஞ்சம் நிமிர்த்தி எடுத்துட்டு பிறகு மென்பொருளில நிமிர்த்துறதும் பிழையில்லை. டார்க்டேபிள் இலவசம், அதில சுழற்சி, தோற்றக்கோணத்துக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. போனில ஸ்நாப்சீட்டும் செய்யும். முதலில லென்ஸ் வளைவைத் திருத்தி, அதுக்குப் பிறகுதான் கோட்டை நிமிர்த்தணும். வரிசை மாறினா ஓரத்துத் தூண் வில்லு மாதிரி நிக்கும். எடுக்கேக்க ரெண்டு பக்கமும் தாராளமா இடம் விடுங்க, நிமிர்த்தினா மேல் மூலை ரெண்டும் வெட்டுப்படும்.

வாவிக்கரை எழுதியது:

10 பாகைக்குள்ள எண்டால் சரி. அதுக்கு மேல நிமிர்த்தினா கோபுரம் இழுபட்டு, உண்மையில உள்ளதை விட ஒல்லியா நெடுத்துத் தெரியும். பதிவுக்கு எடுக்கிற படத்தில அது பொய். இடமில்லாட்டி ட்ரைபொட்டை எதிர்மதிலுக்கு மேல ஏத்துங்க; கமரா ஒரு மீற்றர் உயர்ந்தா 18இல ஒண்டரை மீற்றர் பின்னால போறது மிச்சம். மின்கம்பியைப் பிறகு அழிச்சு எடுக்காதீங்க, பக்கவாட்டில ரெண்டடி நகர்ந்து கோபுரத்தை அது வெட்டாம வைச்சாப் போதும்.

வாங்குவரிசை எழுதியது:

உள்பக்கத்தை நான் சொல்லுறன்.

முதலில அனுமதி. கத்தோலிக்கக் கோயிலெண்டா பங்குத்தந்தை, மெதடிஸ்த சேர்ச்செண்டா போதகர். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு தெரியாத ஆள் பையோட உள்ளே போறதை எந்த ஊரும் லேசா எடுக்காது. அடையாள அட்டையைக் கையில வைச்சிருங்க, பையைத் திறந்து காட்டுங்க. திறப்பு பெரும்பாலும் மூப்பரிட்ட இல்லாட்டி பக்கத்து வீட்டில இருக்கும், முதல் நாளே பேசி வைங்க. செருப்பை வெளியில கழட்டுங்க. நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில சிவப்பு விளக்கு எரிஞ்சா பீடத்தில ஏறப்படாது, ட்ரைபொட்டும் ஏறப்படாது. ட்ரோன் பறக்க விடுறதெண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ட அனுமதி வேற.

உள்ளே போனதும் மின்விளக்கு எல்லாத்தையும் அணைச்சுப் போடுங்க. டியூப் லைட்டுக்கு ஒரு நிறம், எல்.இ.டி.க்கு இன்னொண்டு, யன்னலால வாற பகல் வேற. மூண்டும் கலந்தா எந்த வைட் பாலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாக் காட்டுற நிறச் சமன்) சரிவராது. பகல் மட்டும் எண்டால் 5200 கெல்வின்ல வைச்சு விடலாம். சொரூபத்தைச் சுத்தின சோடனை பல்புகளையும் மறக்காதீங்க. மின்விசிறியையும் நிப்பாட்டுங்க.

ட்ரைபொட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. லென்ஸில உள்ள ஆட்ட நிறுத்தியை அணைக்கணும். ட்ரைபொட்டில நிக்கேக்க அதுவே படத்தை ஆட்டலாம். 2 செக்கன் டைமர் போட்டு ஐஞ்சு படம்: 1/60, 1/15, 1/4, 1 செக்கன், 4 செக்கன். 1/60இலயும் யன்னல் வெடிச்சா 1/250 ஒண்டு கூட்டுங்க. குவியத்தை முதல் படத்திலயே பூட்டிப் போடுங்க, இல்லாட்டி அடுக்கேக்க பொருந்தாது. போனில ஓப்பின் கமரா செயலியில இந்த அடுக்கு எடுப்பு இருக்கு, போன் இடம் குடுத்தா. இந்தப் படங்களை ஒண்டாக் கலக்கும்போது (எச்.டி.ஆர்.) நிழலை முழுக்கத் தூக்காதீங்க. கிராமத்துக் கோயிலின்ட உள்பக்கம் இருட்டாத்தான் இருக்கும், அது படத்திலயும் இருக்கட்டும்.

நடுப்பாதையில நிக்கேக்க கண்ணளவை நம்பாதீங்க. முதல் வரிசையில இடது வாங்கின்ட நுனிக்கும் வலது வாங்கின்ட நுனிக்கும் கமராவிலிருந்து தூரத்தை டேப்பால அளங்க. அஞ்சு சென்ரிமீற்றர் விலகினாலே படத்தில பீடம் ஒரு பக்கம் தள்ளி நிக்கும். வாங்கு இல்லாம பாய் விரிக்கிற கோயிலெண்டா தூண்களை வைச்சு அளங்க.

மேற்கு வாசலைச் சாத்தி, பக்க யன்னலைத் திறந்து வைக்கிறது பெரும்பாலும் பலன் தரும்.

மீன்பாடி எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணாமார். இன்னொரு கேள்வி. அத்திவாரக் கல்லிலயும் கல்லறையிலயும் எழுத்துத் தேய்ஞ்சு போய்க் கிடக்கு, நேர எடுத்தா ஒண்டும் வாசிக்கேலாது. சுண்ணாம்புக் கட்டியால எழுத்தை நிரப்பி எடுக்கலாமா? எந்த வருஷத்துக் கட்டடமெண்டு கல்லை வைச்சே எழுதலாமா?

தேய்ஞ்சகல் எழுதியது:

நிரப்ப வேண்டாம். சோக், மா, கரி, சவரநுரை எதுவும் வேண்டாம். நுண்துளையில போய் இருந்திட்டு, ஈரம் பட்டதும் கல்லை உரிக்கும். கம்பித் தூரிகையும் கூடாது. மெல்லிய தூரிகையால மண்ணைத் தட்டினாக் காணும்.

கல்லுக்கு நேர் எதிரில கமராவை வைச்சுப் பூட்டுங்க. கறுப்புக் குடையால வெயிலை மறைச்சு, ஒரு எல்.இ.டி. டோர்ச்சைக் கல்லோட 10, 15 பாகையில பக்கவாட்டில சரிச்சுப் பிடிங்க. முதலில இடது மேல் மூலையிலிருந்து. பிறகு மேல், வலம், கீழ். நாலு படமும் வேணும். பக்கவாட்டு வெளிச்சத்தில தெரியிற செங்குத்துக் கோடு மேல் வெளிச்சத்தில தெரியாது, மேல் வெளிச்சத்தில தெரியிற படுக்கைக் கோடு பக்கவாட்டு வெளிச்சத்தில தெரியாது. ஒரு படத்தில 10 சென்ரிமீற்றர் அளவுகோலையும் வைங்க.

வருஷம் வாசிக்கேக்க கவனம். பழைய கல்லுகளில தமிழ் இலக்கம் வரலாம். ௧௮௭௮ எண்டதை ‘கஅஎஅ’ எண்டு வாசிச்சு யாரோ ஒராளின்ட பெயரெண்டு நினைக்கிறதுதான் வழமையான பிழை, அது 1878. அதே வருஷத்தை ௲௮௱௭௰௮ எண்டும் எழுதுவாங்க. பழைய லை, னை வடிவம் இருக்கெண்டு மட்டும் காலம் சொல்லாதீங்க, இலங்கையில அந்த எழுத்து வெகுகாலம் கிடந்தது.

கல்லின்ட வருஷம் கட்டடத்தின்ட வருஷம் அல்ல. மெதடிஸ்த மிஷன் 1814இல வில்லியம் ஓல்ட் பாதிரியாரோட மட்டக்களப்புக்கு வந்தது எண்டதுக்காக நிக்கிற சேர்ச் எல்லாம் அந்தக் காலத்தது ஆகாது. 1978 நவம்பர் 23, 24 சூறாவளி கூரைகளைத் தூக்கின ஊர் இது. கரையோரத்தில 2004 டிசம்பர் 26 சுனாமி வேற. சுவர் பழசு, கூரை புதுசு எண்டு ஒரே கட்டடத்தில ரெண்டும் கிடக்கும். அதனால நாலு பக்கச் சுவர், யன்னலின்ட உள்தடிப்பு, கூரைமரம் பொருந்துற இடம், பீலி ஓடா சீற்றா எண்டது, இதெல்லாத்துக்கும் தனிப்படம் எடுங்க. சுண்ணாம்புக் காரைக்கு மேல சீமெந்து பூசின சுவர் அடியில உப்புப் பூத்து உரியும். அந்த உரிஞ்ச இடத்தைக் கிட்ட எடுத்தா உள்ளே செங்கல்லா, எத்தனை பூச்சு எண்டது தெரியும்.

வாங்குவரிசை எழுதியது:

நாள் பார்க்கேக்க ஒண்டு. கொடியேற்றத்துக்கு ரெண்டு, மூண்டு கிழமைக்கு முதல் போங்க. கொடி ஏறினா முகப்பு முழுக்கத் தோரணமும் பல்பு மாலையும். அதுக்கு முந்தின கிழமையில பெயின்ற் ஏணி நிக்கும். சொறிக்கல்முனைக்கு செப்டெம்பர் 14 திருச்சிலுவை மகிமையை மனசில வைச்சு நாள் பாருங்க. ஆயித்தியமலையும் செப்டெம்பர்தான்.

வாடை அடிக்கேக்க கரையோரத்தில லென்ஸில உப்பு ஒட்டும். துணியால நேரா துடைச்சா கீறும். முதலில காற்றுப் பம்பால ஊதிட்டு, வடிநீர் நனைச்ச துணியால ஒத்தி எடுங்க. ஏசி வானில போனா இறங்கி அரை மணித்தியாலம் பையைத் திறக்காம வைங்க, இல்லாட்டிக் கண்ணாடி முழுக்க வேர்க்கும்.