நெடும்பயண வண்டி கட்டப் போகிறவர்கள் தூத்தூருக்கு ஒருமுறை போய் வாருங்கள்

லாரியைத் தங்கும் வண்டியாக மாற்றி ஊர் ஊராகப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான். படம் வரைய அவை உதவின. ஆனால் எட்டுப் பேர் வாரக்கணக்கில் ஒரே வண்டியில் உண்டு, உறங்கி, சண்டையில்லாமல் போய்வர என்ன வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் யாரும் இப்படியொரு வண்டியை அதுவரை பார்த்ததில்லை. அவர்களிடம் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே பழைய சரக்கு டெம்போவை வாங்கி, பின்பெட்டியை வெட்டி ஜன்னல் வைப்பது சிக்கலான வழி; விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணமும் கேள்விக்குள்ளாகும். நாங்கள் வெறும் சேசியாக, அதாவது பின்பெட்டி இல்லாத அடிச்சட்டமாக, புதிய வண்டியை வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி பெட்டி கட்டினோம். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது; பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மொத்த எடையை 7,500 கிலோவுக்குள் வைத்துக்கொண்டோம். அந்த வரம்புக்குள் வரும் போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர்களே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. குழுவாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒருவரே நாள் முழுக்க ஓட்டிச் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

பெட்டியின் சுவரை எதில் கட்டுவது என்ற கேள்விக்கு விடை குளச்சல் பக்கம் கிடைத்தது. மீன் ஏற்றிப்போகும் குளிர்காப்புப் பெட்டி வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். இருபுறமும் ஃபைபர் தகடு, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பஃப் (பாலியூரித்தேன்) நுரை. நெடும்பயண வண்டிகளுக்கு உலகெங்கும் விரும்பிப் பயன்படுத்தப்படும் சுவரும் இதே அமைப்புதான். அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், எங்கெல்லாம் அவை கெட்டுப்போகின்றன என்று ஒரு பழைய பெட்டியை அறுத்தே காட்டினார். ஆணி, திருகு, வெட்டிய ஓரம் ஆகிய மூன்றிடத்திலும் தண்ணீர் புகுந்து நுரை ஊறியிருந்தது. "ஜன்னலுக்கு ஓட்டை போடும் இடத்தில் நுரையைக் கொஞ்சம் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே மரச்சட்டம் வைத்து ரெசின் பசை பூசி மூடுங்கள். அதற்குப் பிறகு ஜன்னலை மாட்டுங்கள்" என்றார். இரும்பில் அலுமினியத்தை நேரடியாக முடுக்காதீர்கள், கடல் காற்றில் அலுமினியம் அரித்துவிடும், நடுவில் ரப்பர் வையுங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். ரப்பருக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா?

பெட்டியைச் சேசியில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. லாரியின் சேசி முறுக்கிக்கொடுக்கும்படிதான் செய்யப்படுகிறது; ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் திருகும். மரப்பலகையில் கட்டிய பழைய லாரிப் பெட்டி அதோடு சேர்ந்து அசையும், யு போல்ட்டும் அடியில் வைத்த மரமும் விட்டுக்கொடுக்கும். ஃபைபர் பெட்டி அசையாது, வெடித்துவிடும். நாகர்கோவிலில் லாரிப் பெட்டி கட்டி வயதான ஆசாரி ஒருவர், முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சேசியின் இரு பக்கமும் எவ்வளவு விலகுகின்றன என்று நூல் பிடித்துக் காட்டினார். படத்தில் படித்தபோது புரியாதது அந்த நூலில் புரிந்தது. முன்னால் நடுவில் ஒரு சுழல் மூட்டு, பின்னால் இருபுறமும் இரண்டு தாங்கிகள் என மூன்று இடத்தில் மட்டும் பெட்டியைத் தாங்கும் துணைச்சட்டம் செய்தோம். சேசி திருகினாலும் பெட்டி திருகாது. சேசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள் என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தயாரிப்பாளர்களின் வழிகாட்டிகளும் இதையேதான் சொல்கின்றன.

இனி தூத்தூர், குமரி மாவட்டத்தின் கடலோர மீனவ ஊர். அந்தப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு விசைப்படகின் சின்ன அறையில் வாழ்கிறார்கள். குழுப் பயணத்தைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டும் தலைவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் எங்கள் வரைபடத்தைக் கொண்டுபோனோம். படுக்கை, ஜன்னல் எதையும் அவர் பார்க்கவில்லை. "ஈரத் துணி எங்கே காயும்?" என்றுதான் முதலில் கேட்டார். "மக்களே, கடலில் மீனுக்காக நாங்கள் சண்டை போட்டதில்லை. நனைந்த துணி அடுத்தவன் படுக்கையில் சொட்டினால்தான் சண்டை" என்றார். பின்கதவுக்கு வெளியே மடக்கும் கொடி ஒன்றும், உள்ளே வாசலை ஒட்டிக் காற்றோட்டமுள்ள சிறு அறை ஒன்றும் அந்தச் சொல்லால் வந்தவை.

அடுத்து, ஆளுக்கொரு இடம் கேட்டார். ஒரு பை, ஒரு கொக்கி, ஒரு விளக்கு. அதை வேறு யாரும் தொடக் கூடாது. தண்ணீருக்கு ஒருவர்தான் பொறுப்பு, மாலைதோறும் அளவைப் பார்த்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் எட்டுப் பேருக்கு மூன்று நாளில் 240 லிட்டர், அதாவது 240 கிலோ. இவ்வளவு எடை அலையத் தொடங்கினால் வளைவில் வண்டியை இழுத்துவிடும். எனவே தொட்டியின் உள்ளே தடுப்புத் தகடுகள், தொட்டியின் இடம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, வண்டியின் தளத்துக்கு அடியில் எவ்வளவு கீழாக முடியுமோ அவ்வளவு கீழே. குடிக்கும் தண்ணீர் தனிக் கேன்களில். பெரிய தொட்டி கெட்டுப்போனாலும் குடிக்க இருக்க வேண்டும் என்பது படகின் விதி.

எரிவாயுவைப் பற்றியும் அவர் கண்டிப்பாகப் பேசினார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கிவிடும், வாசனை மேலே வருவதற்குள் காலம் கடந்துவிடும். வண்டிக்கும் அதுவே பொருந்தும். உருளைக்கு வெளிப்புறம் மட்டும் திறக்கும் தனிப் பெட்டி, உள்ளறையோடு தொடர்பே இல்லை, அடியில் காற்றுத் துளை. சமையலையும் பெரும்பாலும் வெளியே இழுக்கும் மேடையில்தான் செய்கிறோம்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நம்பலாம். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்தச் சாலையில் அன்றாடம் வைக்கோல் ஏற்றி ஓட்டும் ஓட்டுநர் ஒருவர், கூரைமேல் எதையும் ஏற்றாதீர்கள் என்றார். சூரியத் தகடுகளைத் தவிர எங்கள் கூரையில் ஒன்றுமில்லை. உதிரிச் சக்கரமும் பேட்டரிகளும் கீழே. எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு, இடம், வலம் என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு பக்கம் சாய்ந்த வண்டிகள் உண்டு.

இருக்கைகள் வண்டி ஓடும்போது எட்டுப் பேருக்கும் முறையாக, பாதுகாப்புப் பட்டையோடு இருக்க வேண்டும். அவை பலகையில் அல்ல, இரும்புச் சட்டத்தில் பிணைந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் யாரும் படுக்கக் கூடாது.

கடைசியாக, கழிவறை. எங்கள் குழுவில் நான்கு பேர் பெண்கள். அதில் ஒருவர், செவிலியராக வேலை செய்யும் என் சித்தி மகள், தாழ்ப்பாள் போட்ட கழிவறை இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். நீண்ட பயணத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்வதும், அதனால் சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்புவதும் அவள் அன்றாடம் பார்ப்பவை. இடம் போதவில்லை என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். வரைபடத்தில் இருந்த பெரிய அலமாரியை எடுத்துவிட்டு, கழற்றிக் கொட்டும் தொட்டியுள்ள கழிவறையை அங்கே வைத்தோம். அலமாரிக்குரிய பொருள்களில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டோம். மீதி இருக்கைகளுக்கு அடியில் போயிற்று. குழுவாகப் போக வண்டி கட்டுகிறவர்கள் இந்த அறையை வரைந்த பிறகு மற்றவற்றை வரையுங்கள்.